பழைய பெட்டியின் முனகல்

ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம் முடிந்து பதிலுரைப் பாடல் தொடங்குமுன் ஆலயத்தில் சில நொடிகள் அமைதி நிலவும். அந்த அமைதியிலேதான் பாடகர் குழுவின் பக்கமிருந்து 'ம்ம்ம்' என்றொரு முனகல் எழுகின்றது. பாடல் ஒலிக்கும்போது அது எவருக்கும் கேட்பதில்லை. பாடல் நின்றதும் முன்வரிசை முதியோர் திரும்பிப் பார்க்கின்றனர். பேஸ் கிதார் வாசிக்கும் இளைஞன் ஏதோ ஒரு குமிழைத் திருகுகின்றான். முனகலோடு சீறலும் சேர்ந்துகொள்கின்றது. யாரோ ஒருவர் பின்புறம் ஓடிப் பிளக்கைப் பிடுங்கி மீண்டும் செருகுகின்றார். அடுத்த வாரமும் இதே கதைதான்.

நாகல் நகரில் எங்கள் பாடகர் குழுவிடம் உள்ள பேஸ் ஆம்பிளிபயர் ஏறத்தாழ அறுபது வயதானது. கலைந்துபோன மெல்லிசைக் குழு ஒன்றிடமிருந்து கிதாருடன் சேர்ந்து வந்தது. டிரான்சிஸ்டரோ 'சிப்' எனப்படும் சில்லுகளோ அதில் இல்லை. கண்ணாடிக் குமிழுக்குள் செந்நிறமாய்க் கனலும் வால்வுகளே அதன் உயிர். இத்தகைய பெட்டிகள் வேறு பங்குகளிலும் உள்ளன என்பதை, அவற்றின் இரைச்சலுக்கு மருந்து கேட்டு வருவோரிடமிருந்து அறிகின்றேன். 'தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கலாமே' என்பார் சிலர். பெட்டியைத் தூக்கிப் போடுவதோ வைத்திருப்பதோ பங்குப் பேரவையின் விருப்பம். ஆனால் முனகலை அடக்க நம் இளைஞர்கள் கையாளும் ஒரு முறை உயிருக்கே உலை வைக்கக் கூடியது. இக்கட்டுரை எழுத நேர்ந்ததற்கு அதுவே முதற்காரணம்.

பேஸ் கிதாரின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வானொலி பழுது பார்க்கும் கடை வைத்திருந்த லியோ பெண்டர் என்பவர் 1951-ல் மின் பேஸ் கிதாரையும், 1952-ல் அதற்கென்றே 'பேஸ்மேன்' என்ற வால்வு ஆம்பிளிபயரையும் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1969-ல் ஆம்பெக் நிறுவனம் 300 வாட் ஆற்றல் கொண்ட மாபெரும் வால்வுப் பெட்டியை வெளியிட்டது. இதற்கிடையே, 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டுச் சாசனத்தில் குழல் ஆர்கனுக்குரிய மதிப்பைக் கூறி, தக்க பிற இசைக்கருவிகளுக்கும் இடமளித்தது. அதன்பின் கிதாரும் நம் ஆலயங்களுள் வந்தது. கிதாரோடு பெட்டியும் வந்தது.

காதே முதற்கருவி

குருமடத்தில் தத்துவம் பயின்றபோது, காரணத்தையும் உடன்நிகழ்வையும் ஒன்றாகக் கருதாதே என்று எங்களுக்குச் சொல்லித் தந்தனர். ஆம்பிளிபயர் பழுதுபார்ப்பதற்கு அதைவிடச் சிறந்த பாடம் இல்லை. கடைக்குச் சென்றதும் நான்கு வால்வுகளையும் ஒருங்கே மாற்றிவிடும் மெக்கானிக் நோயைக் கண்டுபிடித்தவர் அல்லர், பணத்தைக் கரைத்தவர். பெட்டியைத் திறக்கு முன்னரே, திருப்புளி எடுக்கு முன்னரே, பழுதின் இருப்பிடத்தைப் பாதிக்கு மேல் குறுக்கிவிடலாம்.

முதலில் கிதாரின் கம்பிவடத்தைப் பெட்டியிலிருந்து உருவிவிடுங்கள். இரைச்சல் உடனே நின்றால் குற்றம் பெட்டியில் இல்லை. கிதாரிலோ வடத்திலோ இருக்கின்றது. ஒற்றைச் சுருள் கொண்ட கிதார், சுற்றியுள்ள மின்காந்த அலைகளைத் தூண்டிலிட்டு இழுக்கும் இயல்புடையது. வாசிப்பவர் உடலைச் சற்றுத் திருப்பினால் முனகல் கூடிக் குறைவதைக் கேட்கலாம். நம் ஆலயங்களில் இதற்குப் பெரும்பாலும் காரணம் மின்விசிறிகளின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்களே. விசிறியை நடுவேகத்தில் வைத்தால் 'ஸ்ர்ர்' என்ற கூர்மையான இரைச்சல் எழும். முழுவேகத்தில் வைத்தாலோ நிறுத்தினாலோ மறையும். பழைய குழல்விளக்கின் சோக்கும், திருவிழாவில் கட்டும் சீரியல் விளக்குகளும் இத்தகைய குறும்பு செய்பவையே. பாடகரின் சட்டைப் பையிலுள்ள கைப்பேசி அழைப்பு வருமுன் 'டிட்-டிட்-டிட்' என்று பெட்டிக்குள் தந்தி அடிப்பதையும் பலர் கேட்டிருப்பீர்கள்.

வடத்தை உருவிய பின்னும் இரைச்சல் நின்றபாடில்லையெனில், ஒலிக்குமிழைச் சுழியத்திற்குத் திருப்புங்கள். இரைச்சல் அடங்கினால் பழுது குமிழுக்கு முந்திய பகுதியில், அதாவது முதல் வால்வின் சுற்றில் உள்ளது. அடங்காமல் அதே அளவில் நீடித்தால் பழுது குமிழுக்குப் பிந்தியது. இறுதி வால்வுகளையோ மின்வழங்கும் பகுதியையோ ஐயுற வேண்டும். பெட்டியின் மீது கைவைத்துப் பாருங்கள். ஓசை ஒலிபெருக்கியிலிருந்து வராமல் பெட்டியின் உடலிலிருந்தே அதிர்வாய் வருமானால், அது டிரான்ஸ்பார்மரின் முனகல். அமெரிக்காவில் 60 சுழற்சி மின்சாரத்திற்கெனச் செய்த டிரான்ஸ்பார்மர் நம் நாட்டின் 50 சுழற்சியில் இயங்கும்போது அதன் இரும்பு உள்ளகம் திணறும், சூடும் அதிகரிக்கும். இதற்கு வால்வை மாற்றுவது வீண்.

இனி ஓசையின் சுருதியைக் கேளுங்கள். பேஸ் கிதார் வாசிப்பவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. கையிலிருக்கும் கருவியே அளவுகோல். நம் மின்சாரம் நொடிக்கு 50 முழுச் சுழற்சிகள் கொண்டது. அதை நேர்மின்சாரமாக மாற்றும்போது எஞ்சும் அலை நொடிக்கு 100. பேஸ் கிதாரின் மெல்லிய கம்பியாகிய 'ஜி'யை விரல் அழுத்தாமல் மீட்டினால் எழும் அதிர்வு 98. எனவே முனகல் அந்தக் கம்பியின் ஒலியை ஒட்டி, ஒரு மயிரிழை மேலே நின்றால் அது 100. மின்வழங்கும் பகுதியிலுள்ள கண்டென்சர்கள் முதுமையடைந்தன என்பது பெரும்பாலும் பொருள். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, தடித்த 'இ' கம்பியின் மூன்றாம் கட்டில் எழும் 49 அதிர்வை ஒட்டி நின்றால் அது 50. வால்வின் இழையைச் சூடாக்கும் மின்சுற்றோ, எர்த் இணைப்போ, சரியாகக் கவசமிடாத கம்பியோ குற்றவாளி. நூறின் முனகலில் சற்றுக் கரகரப்பு இருக்கும். ஐம்பதின் முனகல் வழவழப்பாய் இருக்கும். திருவிழா மேடையில் ஜெனரேட்டர் ஓடும்போது முனகலின் சுருதி ஏறி இறங்கினால், பழுதைப் பெட்டியில் தேட வேண்டாம். ஜெனரேட்டரின் வேகம் நிலையாக இல்லை என்பதே அதன் பொருள்.

முனகல் அல்லாத ஓசைகளும் உண்டு. மழைத்தூறல் போன்ற இடையறாச் சீறல் சிறிதளவு எல்லா ஆம்பிளிபயரிலும் இருக்கவே செய்யும். மின்னணுக்கள் தனித்தனித் துகள்களாய்ப் பாய்வதால் எழும் ஓசையை ஷாட்கி 1918-ல் விளக்கினார். எந்த ரெசிஸ்டரிலும் வெப்பத்தாலேயே ஓசை எழும் என்பதை ஜான்சனும் நைக்விஸ்டும் 1928-ல் வெளியிட்டனர். அளவு மீறிய சீறலுக்குப் பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் காரணமாகலாம். முதல் வால்வுக்கு மின்சாரம் ஊட்டும் ரெசிஸ்டர்களை மட்டும் மெட்டல் பிலிம் வகையில் மாற்றினால் பெரிதும் அடங்கும். எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற படபடப்பு, பழுதுற்ற ரெசிஸ்டரையோ துருவேறிய வால்வுத் தாங்கியையோ காட்டும். படகின் மோட்டார் போல 'புட்-புட்' என்ற துடிப்பு, உலர்ந்துபோன கண்டென்சரின் அடையாளம். குமிழைத் திருகும்போது மட்டும் வரும் கரகரப்புக்குத் தூசியே காரணம். தறிகளும் நூற்பாலைகளும் நிறைந்த நம் ஊர்ப்பக்கத்தில் பஞ்சுத் துசி நுழையாத பெட்டி எது?

எர்த் பின்னை வெட்டாதீர்கள்

மேற்சொன்ன கொலைமுறைக்கு இப்போது வருகின்றேன். பேஸ் ஆம்பிளிபயர் ஒரு பிளக்கில் இருக்கின்றது. ஆலயத்தின் மைக்குகளுக்குரிய ஆம்பிளிபயர் வேறொரு சுவரில், வேறொரு பிளக்கில் இருக்கின்றது. பேஸ் ஒலியையும் பொது ஒலிபெருக்கிகளில் கேட்க விரும்பி, இரண்டையும் ஒரு வடத்தால் இணைக்கின்றனர். இப்போது இரு பெட்டிகளுக்கும் இடையே எர்த் வழி இரண்டாகிவிட்டது: சுவர் வழியே ஒன்று, வடத்தின் கவச உறை வழியே மற்றொன்று. இந்த வளையத்தில் சிறு மின்னோட்டம் சுற்றிச்சுற்றி வர, 50 அதிர்வில் முனகல் பிறக்கின்றது. அறிவாளி ஒருவர் வந்து பேஸ் ஆம்பிளிபயரின் பிளக்கில் பருத்திருக்கும் மூன்றாம் பின்னை அறுத்துவிடுகின்றார். அல்லது அதற்குரிய பச்சைக் கம்பியைக் கழற்றிவிடுகின்றார். வளையம் அறுந்தது, முனகல் நின்றது, பாராட்டு கிடைத்தது.

என்ன நேர்ந்தது என்று நோக்குங்கள். கிதாரின் உலோகக் கம்பிகள் வடத்தின் உறை வழியாக ஆம்பிளிபயரின் உலோகச் சட்டத்தோடு இணைந்துள்ளன. எர்த் இருந்தவரை அச்சட்டம் தரையோடு பிணைந்திருந்தது. உள்ளே மின்கசிவு ஏற்பட்டால் பியூஸ் எரிந்து நம்மைக் காத்திருக்கும். எர்த்தை அறுத்தபின் கசிவு முழுதும் சட்டத்தில் தேங்கி, வாசிப்பவனின் விரல்களுக்கு வந்து காத்து நிற்கின்றது. அவன் பாடுவதற்காக மைக்கருகே உதட்டைக் கொண்டுசெல்கின்றான். மைக்கோ வேறு ஆம்பிளிபயரின் வழியாகத் தரையோடு இணைந்துள்ளது. விரலில் புகுந்த மின்சாரம் உடல் வழியே பாய்ந்து உதட்டில் வெளியேறுகின்றது. இதயத்தின் துடிப்பைக் குலைக்க ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதுமானது.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 1972 மே 3-ஆம் நாள் பிரிட்டனின் ஸ்வான்சி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிதார் கலைஞர், எர்த் இல்லாத மைக்கை ஈரக் கையால் தொட்டு, கூடியிருந்தோர் கண்முன்னே மாண்டார். 2005 அக்டோபர் 30 அன்று டெக்சாஸ் மாநிலத்து வேகோ நகரில், பாப்டிஸ்ட் சபைப் போதகர் கைல் லேக், திருமுழுக்குத் தொட்டியின் நீரில் நின்றபடியே மைக்கைச் சரிசெய்யக் கைநீட்டி, சபையார் முன்னிலையில் உயிர்நீத்தார். நம் வாசகர்களுள் பலர் அறிந்த துறவி தாமஸ் மெர்டன், 1968 நவம்பர் இறுதியில் சென்னைக்கு வந்து பரங்கிமலையைத் தரிசித்துச் சென்றவர். அடுத்த மாதம் 10-ஆம் நாள் பாங்காக் அருகே தம் அறையில் இறந்து கிடந்தபோது, பழுதுற்ற மின்விசிறி அவர் உடல்மீது சாய்ந்திருந்தது. அவருடைய மரணம் பற்றி மாறுபட்ட கருத்துகள் உண்டு. அந்த விசிறியில் மின்கசிவு இருந்தது என்பதில் ஐயமில்லை.

1960-களில் அமெரிக்காவில் செய்த பெட்டிகளில் மற்றோர் ஆபத்தும் ஒளிந்துள்ளது. அக்காலத்துப் பிளக்குகளில் இரண்டு பின்களே இருந்தன. முனகலைக் குறைப்பதற்காக மின்கம்பிக்கும் உலோகச் சட்டத்துக்கும் இடையே ஒரு சிறு கண்டென்சரைப் பொருத்தினர். மெக்கானிக்குகள் அதை 'மரணக் கண்டென்சர்' என்றே அழைக்கின்றனர். அது நல்ல நிலையில் இருக்கும்போதே கையில் 'சுர்' என்று உறைக்கலாம். உள்ளே ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆகுமானால் வீட்டு மின்சாரம் முழுதும் கிதார் கம்பியில் வந்து நிற்கும். 'நாங்கள் 110 வோல்ட் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கின்றோமே' என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். கடைகளில் கிடைப்பவற்றுள் பல ஒற்றைச் சுருள் கொண்ட ஆட்டோ டிரான்ஸ்பார்மர்கள். அவை மின்னழுத்தத்தைக் குறைக்கும், ஆனால் வீட்டு மின்கம்பியிலிருந்து பிரித்துக் காப்பதில்லை. அந்தக் கண்டென்சரை அறுத்து நீக்கி, மூன்று பின் கொண்ட கம்பியைப் பொருத்தி, பச்சைக் கம்பியைச் சட்டத்தோடு திருகாணியால் இறுக்குவதே முதல் வேலை, பிறவெல்லாம் பிறகு.

எர்த்தை அறுக்காமலே வளைய முனகலை ஒழிக்க முடியும். இரு பெட்டிகளுக்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் கொடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். அப்படியும் நீடித்தால், டிரான்ஸ்பார்மர் அடங்கிய 'டி.ஐ. பெட்டி' என்ற சிறு கருவியை இடையில் வையுங்கள். அது ஒலியைக் காந்தத்தின் வழியே கடத்தும். அதிலுள்ள பொத்தான் ஒலிவடத்தின் உறையை மட்டுமே துண்டிக்கும், பிளக்கின் எர்த்தைத் தொடுவதில்லை. மின்பலகையில் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுக் காப்புச் சுவிட்சையும் பொருத்துங்கள். வாசிக்கத் தொடங்குமுன் மல்டிமீட்டரை மாறுமின்னழுத்த அளவில் வைத்து, ஒரு முனையைக் கிதார் கம்பியிலும் மறுமுனையை மைக்கின் உலோக வலையிலும் வைத்துப் பாருங்கள். ஏறத்தாழச் சுழியம் காட்ட வேண்டும். பத்தோ ஐம்பதோ காட்டினால் அன்று கிதார் வேண்டாம். பாடல் மட்டும் போதும்.

எர்த் குழியையும் மறந்துவிடுகின்றோம். கரியும் உப்பும் இட்டு நட்ட எர்த் குழாய், மண் ஈரமாக இருந்தால்தான் பயன் தரும். திண்டுக்கல் சமவெளியின் செம்மண் கோடையில் பாறைபோல் காய்ந்துவிடும். சித்திரை, வைகாசி மாதங்களில் பீடத்துப் பூச்செடிக்கு ஊற்றும் நீரில் ஒரு குடம் எர்த் குழிக்கும் ஊற்றச் சொல்லுங்கள்.

பெட்டியைத் திறந்தபின்

உள்ளே கைவைப்பது பழகிய மெக்கானிக்கின் வேலை. எனினும் அவர் என்ன செய்கின்றார் என்பதை நாம் அறிந்திருப்பது நலம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டென்சர்களில் 400, 500 வோல்ட் தேங்கி நிற்கலாம். 10 ஆயிரம் ஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் காப்புறையிட்ட கம்பியில் பிணைத்து, கண்டென்சருக்கும் சட்டத்துக்கும் இடையே சில நொடிகள் வைத்து வடித்துவிட்டு, மீட்டரில் சுழியம் கண்ட பிறகே தொட வேண்டும். ஒரு கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுகையால் வேலை செய்யும் பழைய மெக்கானிக்குகளின் வழக்கம், இதயத்தின் குறுக்கே மின்சாரம் பாயாதிருக்கக் கண்ட உபாயமே.

ஆண்டுக்கணக்கில் பீரோவில் உறங்கிய பெட்டியை நேரே மின்சாரத்தில் செருகலாகாது. 100 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்த 'சீரிஸ் போர்டு' வழியாக உயிரூட்ட வேண்டும். பல்பு முதலில் பளிச்சிட்டுப் பின்னர் மங்கினால் நலம். பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட். பல்பு எரிவதால் டிரான்ஸ்பார்மர் பிழைத்தது. எல்.ஈ.டி. பல்பு இதற்கு உதவாது.

வால்வுகளில் பழுதானதைக் கண்டறிவது எளிது. மின்சாரத்தை நிறுத்தி, முதல் வால்வைக் கழற்றி, மீண்டும் இயக்கிக் கேட்பது, பிறகு அடுத்தது. எந்த வால்வைக் கழற்றியதும் இரைச்சல் நிற்கின்றதோ, அந்தச் சுற்றோ அதற்கு முந்தியதோ குற்றமுடையது. எல்லாச் சிறு வால்வுகளையும் கழற்றிய பின்னும் முனகினால் இறுதி வால்வுகளும் மின்வழங்கியும் எஞ்சுகின்றன. இயங்கும் வால்வை மரப்பென்சிலால் மெல்லத் தட்டும்போது 'கணீர்' என்று மணிபோல் ஒலித்தால், அதன் உட்பாகங்கள் தளர்ந்துவிட்டன. ஒலிபெருக்கியின் மீதே அமர்ந்திருக்கும் பேஸ் பெட்டிகளில் இது மிகுதி. ஆனால் ஒன்று: ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்பிளிபயரை ஒருபோதும் இயக்காதீர்கள். இறுதி டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகும். அதன் விலை மற்ற உறுப்புகள் பலவற்றின் விலையை விஞ்சும்.

நூறின் முனகலுக்கு மருந்து கண்டென்சர் மாற்றுவதே. எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சரின் உள்ளிருக்கும் திரவம் காலத்தால் உலர்ந்துவிடும். வெப்பம் 10 பாகை உயர உயர அதன் ஆயுள் பாதி பாதியாகக் குறையும் என்பது தொழிலோர் கணக்கு. வால்வின் சூடும் நம் கோடையின் சூடும் சேர்ந்த பெட்டியில் அறுபதாண்டுக் கண்டென்சர் இயங்குவதே வியப்பு. அளவை மாற்றாமல், வோல்ட் மதிப்பைக் குறைக்காமல் புதியவற்றை வைக்க வேண்டும். இங்கே ஒரு நுட்பம். இறுதி வால்வுகளுக்குக் கட்டுப்பாட்டு மின்னழுத்தம் தரும் சிறு சுற்று எதிர்மின் சுற்று. அதிலுள்ள கண்டென்சரின் கூட்டல் முனை சட்டத்தை நோக்கியிருக்கும். டிரான்சிஸ்டர் செட்டுகளிலேயே பழகிய கை அதைத் தலைகீழாக வைத்துவிட்டால், கண்டென்சர் வெடிக்கும். வால்வுகளின் தகடுகள் செக்கச்செவேலெனப் பழுத்துவிடும். புதியன எல்லாம் வைத்தும் முனகல் தொடர்ந்தால் இறுதி வால்வு இணையைச் சோதியுங்கள். அவை இரண்டும் சமமாக இழுத்தால்தான் எஞ்சிய அலை ஒன்றையொன்று அழிக்கும். ஒன்று தளர்ந்தாலும் முனகல் வெளிப்படும்.

1960-களில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வானொலிகளுக்கு வால்வுகள் செய்து தந்தது. அக்காலத்து வால்வுகள் பழைய ரேடியோ கடைகளின் மூலையில் அட்டைப் பெட்டியோடு இன்றும் அகப்படுவதுண்டு. புதிய வால்வுகள் ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் செய்யப்படுகின்றன. வால்வைத் தொட்டு வளர்ந்த மெக்கானிக்குகள் அருகிவருகின்றனர். உங்கள் பங்கில் அத்தகைய முதியவர் ஒருவர் இருந்தால், பெட்டியை அவரிடம் தூக்கிச் செல்லும்போது பாடகர் குழு இளைஞர் இருவரையும் உடன் அனுப்புங்கள். வேலை முடிந்ததும், கண்டென்சர்கள் மாற்றிய மாதத்தையும் ஆண்டையும், எந்தத் தாங்கியில் எந்த எண் வால்வு என்பதையும் ஒரு தாளில் எழுதி, பெட்டியின் பின்பலகை உட்புறத்தில் ஒட்டிவிடச் சொல்லுங்கள். பச்சைக் கம்பி எந்தத் திருகாணியில் உள்ளது என்பதையும் அதில் குறிக்கட்டும்.